சாலை மறுத்த மூன்று சக்கரம்: எட்வர்ட் பட்லரின் பெட்ரோல் சைக்கிள்

சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பைக்கில் கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினால், பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஒர்க்ஷாப்புகளில் தினமும் காணும் காட்சி இது. அந்தச் சக்கரத்தை அப்படியே மெல்லத் தரையில் இறக்கினால் வண்டி நகரத் தொடங்கும். நிறுத்த வேண்டுமானால் மறுபடியும் அதைத் தூக்கிவிட வேண்டும். இப்படி ஒருவர் வண்டி ஓட்டி நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் பிரிட்டனின் முதல் பெட்ரோல் வாகனம் என்று பலரும் கருதும் மூன்று சக்கர வண்டி ஏறத்தாழ இந்த முறையில்தான் கிளம்பியது, இந்த முறையில்தான் நின்றது. அதை வடிவமைத்தவர் எட்வர்ட் பட்லர். தம் வண்டிக்கு அவர் வைத்த பெயர் பெட்ரோல் சைக்கிள்.

நான் பல ஆண்டுகளாக மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். மோட்டார் வண்டியின் வரலாறு என்றால் 1886, கார்ல் பென்ஸ், மூன்று சக்கரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதுதான் எங்கள் வழக்கம். பட்லரின் வண்டியைப் பற்றி விரிவாகப் படித்த பிறகு அப்படிக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. எனவே அவரைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன்.

1884-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளம் பொறியாளர் தமது வண்டியின் வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கு இருந்தவை வரைபடங்கள்தான். வண்டி இன்னும் உருவாகியிருக்கவில்லை. மறு ஆண்டு லண்டனில் நடந்த கண்டுபிடிப்புகள் கண்காட்சியிலும் அவற்றை வைத்தார். 1887-இல் காப்புரிமை பெற்றார். 1888-இல், கிரீனிச்சில் தீயணைப்பு இயந்திரங்கள் செய்துவந்த மெர்ரிவெதர் நிறுவனம் அந்த வண்டியைக் கட்டித் தந்தது. இந்த ஆண்டுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். பென்ஸுக்கு இரண்டு ஆண்டு முன்பே பட்லர் காரைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29 அன்று. அவருடைய வண்டி அந்த ஆண்டிலேயே மன்ஹைம் நகரத் தெருக்களில் ஓடியது. காகிதத்தில் பட்லர் முந்தினார், சாலையில் பென்ஸ் முந்தினார். பட்லரின் பெருமை தேதிகளில் இல்லை. அவருடைய வண்டியின் ஒவ்வோர் உறுப்பிலும் இருக்கிறது.

மூன்று சக்கரத்தை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் காலத்து சைக்கிள்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1884-இல் இரு சக்கர சைக்கிள் என்றால் முன்னால் ஆளுயரச் சக்கரமும் பின்னால் சிறு சக்கரமும் கொண்ட, விழுந்தால் தலைகுப்புற விழவைக்கும் வண்டிதான். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் முன்னோடியான ரோவர் மறு ஆண்டில்தான் வந்தது. மரியாதைக்குரிய மனிதர்களும் பெண்களும் ஓட்டியது மூன்று சக்கர மிதிவண்டியைத்தான். விக்டோரியா மகாராணியே 1881-இல் கவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி செய்த ஒரு மூன்று சக்கர மிதிவண்டியை வாங்கினார். ஆகவே, தானே ஓடும் இலேசான வண்டி ஒன்றைக் கற்பனை செய்த ஆங்கிலேய இளைஞர் மூன்று சக்கரத்திலிருந்து தொடங்கியது இயல்பானதே.

ஆனால் சக்கரங்களை அவர் வைத்த விதம் பென்ஸின் விதத்துக்கு நேர்மாறானது. பென்ஸ் முன்னால் ஒற்றைச் சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரங்களும் வைத்தார். இதனால் திருப்புவது எளிதாகிவிட்டது. ஆனால் வளைவுகளில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டியிருந்ததால், அதற்கு இடம்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்லிணை அமைப்பு தேவைப்பட்டது. பட்லர் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று வைத்தார். உந்துவது ஒரே சக்கரம் என்பதால் டிஃபரன்ஷியலுக்கு வேலையே இல்லை. அதற்குப் பதிலாக, முன்சக்கரங்கள் இரண்டையும் திருப்பும்போது உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகவும் வெளிப்புறச் சக்கரம் சற்றுக் குறைவாகவும் திரும்ப வேண்டும். அதற்கு, குதிரை வண்டிகளுக்காக 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற ஆக்கர்மன் திசைமாற்றி முறையை அவர் எடுத்துக்கொண்டார். இன்று நம் தெருக்களில் ஓடும் எல்லாக் கார்களும் திரும்புவது அந்த அடிப்படையில்தான். ஓட்டுநர் இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே, தரைக்கு நெருக்கமாக அமர்ந்திருப்பார். இன்ஜின் முழுவதும் அவருக்குப் பின்னால் இருக்கும்.

அந்த இன்ஜின் சுமார் 600 சி.சி. கொள்ளளவு கொண்ட இரட்டை சிலிண்டர் இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 127 மில்லிமீட்டர். அதாவது, ஒல்லியான நீளக் குழாய்கள். நான்கு வீச்சு முறையில் இயங்கிய இந்த இன்ஜினில் சுழல் வால்வுகள் இருந்தன. காந்தத்தைக் கொண்டு மின்பொறி உண்டாக்கும் மேக்னட்டோவில் தொடங்கிய பற்றவைப்பு பின்னர் காயிலுக்கும் பேட்டரிக்கும் மாறியது. அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி ஸ்டார்ட் செய்யும் ஏற்பாட்டை அவர் வைத்திருந்தார். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் பின்சக்கரத்துக்கு மேலே, இன்றைய வண்டியில் மட்கார்டு இருக்கும் இடத்தில் அமைந்திருந்தது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல். அதை அசைத்தால் இன்ஜினுக்குள் போகும் கலவையின் அளவு மாறும். நம் ஆக்சிலரேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும் விட என்னைக் கவர்ந்தது அவருடைய கார்புரேட்டர். அந்நாளைய இன்ஜின்களில் பெட்ரோலைக் காற்றோடு கலக்க எளிய வழியொன்று இருந்தது: ஒரு பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி அதன் பரப்பின் மேல் காற்றைச் செலுத்துவது, ஆவியானது எவ்வளவோ அவ்வளவுதான் கலவை. வெயிலில் ஒரு விதமாகவும் குளிரில் வேறு விதமாகவும் இருக்கும். பட்லர் மிதவை வைத்த கார்புரேட்டரைச் செய்தார். வகுப்பில் இதை விளக்க ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். அடிக் கிண்ணத்தைக் கழற்றியதும், கட்டை விரல் அளவுள்ள இரண்டு மிதவைகள் ஒரு கம்பியில் தொங்கும். மிதவையை விரல் நுனியால் மெல்ல மேலே தள்ளினால், அதன் நாக்கு ஒரு சிறு ஊசியை மேலே அழுத்தும். ஊசி போய்த் துளையை அடைத்துக்கொள்ளும். விரலை எடுத்தால் மிதவை சரிந்து இறங்க, ஊசியும் இறங்கும், துளை திறக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் குறைந்தால் திறப்பதும் நிறைந்தால் அடைப்பதும் இந்தச் சிறு அசைவுதான். பெட்ரோல் வெளிவரும் சிறு துளையான ஜெட்டின் வாயில் பெட்ரோல் மட்டம் மாறாமல் இருப்பதால், இன்ஜின் உறிஞ்சும் காற்றோடு அது ஒரே சீராகச் சிதறிக் கலக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பாடநூல்கள் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக்கின் பெயரில் 1893-ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லும். பட்லரின் கார்புரேட்டர் அதற்குச் சுமார் ஐந்து ஆண்டு மூத்தது. ஊசி போய்த் துளையில் உட்காரும்போது கேட்கும் அந்தச் சிறு ஒலியை இப்போதெல்லாம் நான் அவரை நினைக்காமல் கேட்பதில்லை.

இத்தனை நுட்பங்கள் சேர்ந்த வண்டியில் பிரேக் இல்லை. முதல் வடிவத்தில் கிளட்சும் கியரும்கூட இல்லை. நீராவி ரயில் இன்ஜினில் பிஸ்டன் தண்டு நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதைப் போல, பட்லரின் பிஸ்டன்கள் பின்சக்கரத்தின் அச்சை நேரடியாகச் சுற்றின. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. அப்படியானால் சக்கரம் நிற்கும்போது இன்ஜினும் நின்றுவிடுமே என்ற சிக்கலுக்குத்தான் நான் தொடக்கத்தில் சொன்ன தீர்வு. காலால் ஒரு நெம்புகோலை இயக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். வண்டியின் எடையை இரண்டு சிறு உருளைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். சக்கரம் காற்றில் சுழல, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். புறப்பட வேண்டுமானால் நெம்புகோலைத் தளர்த்திச் சக்கரத்தைத் தரையில் இறக்க வேண்டும். பிரேக், கிளட்ச், ஸ்டாண்டு ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே நெம்புகோல் செய்தது.

இது ஆபத்தான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. இறக்கமான சாலையில் சக்கரத்தைத் தூக்கினால் உந்துவிசை நிற்குமே ஒழிய வண்டி நிற்காது. உருளைகளின் மேல் அது பாட்டுக்கு உருண்டு போகும். இந்தக் குறை பட்லருக்குத் தெரிந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை. நூறு மைல் ஓட்டியிருந்தால் மாற்றியிருப்பார். அந்த நூறு மைலைத்தான் அவருக்கு நாட்டின் சட்டம் தரவில்லை.

1865-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை இன்றும் சிவப்புக் கொடிச் சட்டம் என்றே அழைக்கிறார்கள். வயல் வேலைக்கும் சுமை இழுக்கவும் பயன்பட்ட, டன் கணக்கில் எடையுள்ள நீராவி வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. அவை சாலைகளைக் குலைத்தன, புகையும் நீராவியும் கக்கிக் குதிரைகளை மிரட்டின என்பது உண்மைதான். அதனால், விலங்கால் இழுக்கப்படாமல் தானே ஓடும் வண்டி எதுவானாலும் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. வண்டியை நடத்த மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1878-இல் வந்த திருத்தம் கொடியின் கட்டாயத்தை நீக்கி, முன்னால் நடப்பவரின் தூரத்தை 20 கஜமாகக் குறைத்தது. பட்லரின் காலத்தில் கொடி கட்டாயமாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் ஆள் நடப்பது தொடர்ந்தது. குதிரையைக் கண்டால் வண்டி நிற்க வேண்டும் என்ற விதியும் புதிதாகச் சேர்ந்தது.

இலேசான மூன்று சக்கர வண்டிக்கும் இதே விதிதானா என்ற கேள்வி பட்லருக்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. சர் தாமஸ் பார்க்கின்ஸ் என்பவர் நீராவியால் ஓடும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைச் சாலையில் ஓட்டினார். 1881-இல் வந்த தீர்ப்பு, அதுவும் சட்டத்தின் பார்வையில் ஒரு நீராவி வண்டியே என்று சொல்லிவிட்டது. பத்து டன் எடையுள்ள இயந்திரமும் ஒரே ஆள் உட்காரும் சைக்கிளும் ஒன்றாகிப்போயின. பட்லர் தமது வரைபடங்களைக் கண்காட்சியில் விரித்து வைத்தபோது, அந்த வண்டிக்கான கதவு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சாத்தப்பட்டிருந்தது.

இந்த வேகக் கட்டுப்பாடு பட்லரின் வண்டியை எப்படிப் பாதித்திருக்கும் என்று நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு முறை சுற்றினால் வண்டி மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். மணிக்கு 12 மைல் வேகத்தில், அதாவது சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரமும் அதோடு இணைந்த இன்ஜினும் நிமிடத்துக்கு 100 முறை சுற்ற வேண்டும். பட்லரின் வண்டிக்குச் சொல்லப்படும் வேகம் அதுதான். ஊருக்குள் சட்டம் அனுமதித்த 2 மைல் வேகத்துக்கோ நிமிடத்துக்கு 17 சுற்று போதும். ஊருக்கு வெளியே அனுமதித்த 4 மைலுக்கு 34 சுற்று. இவ்வளவு மெதுவாகச் சுற்றும் சின்னஞ்சிறு பெட்ரோல் இன்ஜின் தன் அடுத்த அழுத்த வீச்சையே தாண்ட முடியாமல் நின்றுபோகும். அதாவது, சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினால் அந்த வண்டியின் இன்ஜின் அணைந்துவிடும். இன்ஜின் அணையாமல் ஓட்டினால் சட்டத்தை மீறியதாகிவிடும். பின்னாளில் அவர் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் பல்லிணையைச் சேர்த்தார். அது சரியான திசையில் எடுத்த அடி. ஆனால் அதையும் சாலையில் சோதித்துத்தானே செம்மையாக்க முடியும்?

பட்லரின் வண்டி கிரீனிச்சில் உருவான அதே 1888-இல், ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், தம் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாய்வீட்டுக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வழியில் எரிபொருள் தீர்ந்ததால் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியின் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் வண்டி ஏற மறுத்த இடங்களில் இறங்கித் தள்ளினார்கள். அந்தப் பயணத்தின் அனுபவத்திலிருந்து மேடு ஏறக் கூடுதல் கியர் ஒன்று பென்ஸின் வண்டிக்கு வந்தது. ஜெர்மனியிலும் அதிகாரிகளின் கெடுபிடி இருக்கவே செய்தது. ஆனால் ஒரு முழு நாள் ஓடிப் பார்க்க அங்கே வண்டிக்கு வழி இருந்தது. ஒரு மேடு, ஓர் இறக்கம், ஓர் அடைப்பு, ஒரு தேய்மானம் என்று சாலை கற்றுக்கொடுத்தவை எல்லாம் அந்த வண்டிக்குள் போய்ச் சேர்ந்தன. பென்ஸின் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. பட்லரின் பிரேக்கில்லாத வண்டிக்கும் அப்படி ஒரு நாள் கிடைத்திருந்தால் என்ற ஏக்கம்தான் மனத்தை அறுக்கிறது.

1890-இல் பட்லர் இங்கிலீஷ் மெக்கானிக் இதழுக்கு எழுதினார். தம் வண்டி சாலைகளில் ஓடுவதை அதிகாரிகள் ஏற்பதாக இல்லை, அதனால் அதை மேற்கொண்டு வளர்க்கும் முயற்சியைக் கைவிட்டுவிட்டேன் என்பதே அதன் சாரம். புகாரோ புலம்பலோ அதில் இல்லை. ஆறு ஆண்டு உழைப்பை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் நிலைமை மெல்ல மாறியது. 1895 அக்டோபரில் சர்ரே மாவட்டத்தின் ஃபார்னம் நகரில் ஜான் ஹென்றி நைட் என்பவரின் பெட்ரோல் வண்டி தெருவில் ஓடியது. அதுவும் தொடக்கத்தில் மூன்று சக்கர வண்டிதான். வழக்குப் போடப்பட்டு இரண்டரை ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. செலவுத் தொகை தனி. நைட் மறு ஆண்டில் அதை நான்கு சக்கர வண்டியாக மாற்றினார். பியூலியில் உள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில் அந்த வண்டி இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க முடிகிறது, சுற்றி வர முடிகிறது. பட்லரின் வண்டியைப் பொறுத்தவரை நமக்கு எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில படங்களும்தான்.

1896 நவம்பர் 14 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னால் நடக்கும் ஆள் போனார். இலேசான வண்டிகளுக்கு மணிக்கு 14 மைல் வரை வேக வரம்பு வைக்க வழி பிறந்தது. அதைக் கொண்டாட ஹாரி லாசன் என்ற தொழிலதிபர் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு மோட்டார் வண்டிகளின் ஊர்வலத்தை நடத்தினார். புறப்படுவதற்கு முன் நடந்த காலை விருந்தில் வின்செல்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியை எல்லோர் முன்னிலையிலும் கிழித்தார். இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் 1905-க்கு முந்திய வண்டிகள் அதே வழியில் ஓடுகின்றன. அன்று ஓடியவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பிறந்த வடிவங்கள். இங்கிலாந்து தன் சாலையைத் திறந்தபோது, அதில் ஓட அந்நாட்டுக்கென்று சொந்த வண்டிகள் அதிகம் இல்லாமல் போயிருந்தன.

பட்லரின் பெட்ரோல் சைக்கிளும் அதே 1896-இல்தான் தன் கடைசி நாளைக் கண்டது. அதிலிருந்த உலோகத்துக்குக் கிடைக்கும் விலைக்காக அதைப் பிரித்துப் போட்டார்கள். நம் ஊரில் காயலான் கடை வாசலில் பிரிக்கும் வண்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை: முதலில் ரேடியேட்டர், பிறகு குழாய்கள், பிறகு எடைபோட்டுப் பார்க்கத் தகுந்த எதுவும். கண்காட்சியில் வரைபடமாக இருந்து, நான்கு ஆண்டு கழித்து உருவம் பெற்று, எட்டு ஆண்டு காத்திருந்த வண்டி, சட்டம் மாறிய அந்த ஆண்டிலேயே உலோகமாகிப் போனது.

உரிமையை லாசனே வாங்கிக்கொண்டார். அந்நாளில் மோட்டார் வண்டி தொடர்பான காப்புரிமைகள் அனைத்தையும் அவர் வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பட்லரின் இன்ஜினை அவர் படகுகளுக்காகத் தொடர்ந்து செய்தார். இன்ஜின்களைப் பற்றிப் பின்னாளில் நூல்கள் எழுதிய பட்லர் 1940 வரை வாழ்ந்தார். சக்கரத்தைச் சுற்றுவதற்காக அவர் வரைந்த அந்த ஒல்லியான சிலிண்டர்களின் வழிவந்த இன்ஜின்கள், முன்னால் நடக்க ஆளும் நின்று வழிவிடக் குதிரையும் இல்லாத நீர்ப்பரப்பில் படகுகளை ஓட்டிக்கொண்டிருந்தன.